இரண்டு சந்தாக்கள்

என் அம்மா சம்பளச் சிட்டையை எறிந்ததே இல்லை. மலிபன் பிஸ்கட் தகரம் ஒன்றில், திருநீற்றுப் பொட்டலத்துக்கும் அடையாள அட்டைப் பிரதிக்கும் நடுவே, முப்பது வருடச் சிட்டைகள் ரப்பர் பட்டி போட்டு அடுக்கியிருக்கும். பழையவற்றில் மை மங்கிப்போய் எழுத்துத் தெரியாது. ஆனாலும் கழிவுப் பக்கத்தை அம்மா மனப்பாடமாகச் சொல்லுவார்: சேமலாபம், தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள், டோபி, கோயில், மரண சகாயம், சந்தா.

சந்தா என்பது தொழிற்சங்கத்துக்குப் போகும் காசு. மாதாமாதம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலேயே வெட்டிவிடுவார்கள். எங்கள் லயத்துச் சண்டைகளில் பாதி அந்த ஒரு வரியில்தான் தொடங்கும். யார் எந்தச் சங்கம், யார் படிவம் நிரப்பிக் கொடுத்துச் சங்கம் மாறினார், மாறுவதற்குத் தலைவர் என்ன சொன்னார், மாறிய மறுநாள் எந்த மலைக்குப் போட்டார்கள் என்பதெல்லாம் பீலிக்கரையில் பகிரங்கமாகப் பேசப்படும். லிந்துலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் பத்துப் பேரிடம் கேட்டால், எந்தத் தோட்டத்தில் எந்தச் சங்கத்துக்கு ஆள் அதிகம் என்று பத்துப் பேரும் சொல்லுவார்கள். சங்கத் தலைவர் வாங்கிய வாகனத்தின் நிறம்கூடத் தெரியும்.

போன வருடம் அந்தத் தகரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா கேட்ட கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். "நம்ம சந்தா சிட்டையில தெரியுது. தொரைமாரு சங்கத்துக்குக் கட்டுற சந்தா எந்தச் சிட்டையில தெரியுது?"

தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. எங்கள் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் அது பாட்டன். 1854இல் கண்டியில் கூடித் தொடங்கிய இலங்கைத் தோட்டத் துரைமார் சங்கம், கோப்பிக் காலத்தில் பிறந்து, தேயிலைக் காலத்தில் வளர்ந்து, காணி தேசியமயமான காலத்தையும் தாண்டி, இன்று பிராந்திய பெருந்தோட்டக் கம்பெனிகளின் குரலாக நிற்கிறது. மலையகத் தொழிலாளருக்கென நிலைத்து நின்ற முதல் சங்கத்தை நடேசய்யர் ஹட்டனில் தொடங்கியது 1931இல். எழுபத்தேழு வருட இடைவெளி. வழி தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எழுபத்தேழு வருடத்தில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு லொபி என்பார்கள். எம்.பி.மார் நடமாடும் முன்மண்டபத்தில் காத்திருந்து, போகிறவர் வருகிறவரின் காதில் தன் காரியத்தைப் போடுகிறவர்களுக்கு அந்த மண்டபத்தின் பெயரே நிலைத்துவிட்டது. பத்திரிகைத் தமிழில் அழுத்தக் குழு. எங்கள் தோட்டத்துப் பேச்சில் இன்னும் சுருக்கம்: உள்ளால வேலை பார்க்கிறது.

உள்ளால வேலை பார்ப்பது இந்த மலைகளில் தேயிலையை விடப் பழையது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றது அது. அப்படிச் சொந்தமான காணி, ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்று விலைபோன காலமும் உண்டு. வாங்கியவர்கள் யார்? குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் பின்னால் எழுதிவைத்த பட்டியல் வேடிக்கையானது. ஆளுநர், படை அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார், சிவில் சேவையில் பாதிப்பேர். காணி யாருடையது என்று சட்டம் எழுதுகிறவனும் அவனே, எழுதிய பிறகு அதை வாங்குகிறவனும் அவனே. இதைப் பற்றி லண்டன் வரை புகைச்சல் கிளம்பியதும், அரச உத்தியோகத்தர் தோட்டம் வைத்திருக்கக் கூடாது என்று சில வருடங்களில் கட்டளை வந்தது. ஆள் மாறினார்கள், வழி மாறவில்லை. உத்தியோகத்தர் தாமே தோட்டம் வைத்திருந்த இடத்தில், தோட்டம் வைத்திருப்பவர்கள் உத்தியோகத்தரை அணுகுவதற்கென்று ஒரு சங்கம் வந்தது.

அந்தச் சங்கம் கேட்டதையெல்லாம் கெட்டது என்று சொல்லமாட்டேன். ரெயில் வேண்டும் என்று ஓயாமல் கேட்டார்கள். 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்த ரெயிலில் இன்று என் பிள்ளைகள் போய்வருகிறார்கள். தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் 1925இல் தேயிலை ஏற்றுமதி வரிக் காசில் தொடங்கிய காரியம், அதன் பின்னாலும் துரைமார் இருந்தார்கள். ஆனால் அதே வாயால்தான் வேறு சிலவற்றையும் கேட்டார்கள். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் மறியல் என்ற 1865ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு தோட்டத்துக் கடனை அடைத்துத் துண்டு வாங்காமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது என்ற துண்டு முறை, இரண்டும் அவர்களுக்குத் தேவையாக இருந்தன. பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடித்தான் 1921இல் துண்டு ஒழிந்தது. சட்டசபையில் தோட்டத் துறைக்கென்று தனியாக ஒரு உறுப்பினர் ஆசனம் இருந்த காலம் அது. கொழுந்து கிள்ளியவர்களுக்கு அங்கே வாசலும் கிடையாது.

1929 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது மேல்நாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். லிந்துலை மேல்நாட்டுக்குள் வரும். கீழ்நாட்டை விட ஆணுக்கு நாலு சதம் கூடுதல் என்று எங்கள் ஆட்கள் அப்போது பெருமைப்பட்டார்களோ என்னவோ. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவிலிருந்த அந்த வித்தியாசம் மறைய 1984 வரை ஆனது. ஐம்பத்தைந்து வருடம். எங்கள் பாட்டியும் அம்மாவும் கிள்ளிய கொழுந்துக்கு, அதே மலையில் அதே மழையில் நின்ற ஆணை விடக் குறைந்த காசு. அதை யார் எங்கே உட்கார்ந்து நியாயப்படுத்திப் பேசினார்கள் என்று தேடினால் அறிக்கைகளில் "கைத்தொழிலின் நலன்" என்ற சொல் கிடைக்கும். பேசிய ஆளின் முகம் கிடைக்காது.

அந்த வேலை வெளியே தெரிந்த ஒரு தடவையைச் சொல்லுகிறேன். சம்பந்தப்பட்டவர் துரைமார் பக்கத்து ஆள் என்பதாலேயே அந்தக் கதைக்கு ருசி அதிகம்.

1936இல் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் என்ற இளைஞர் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தார். மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாகத் தேயிலைத் தொழில் பழகினார். லயங்களைப் பார்த்தார், ஆட்களோடு பேசினார். சின்னத்துரை லயத்துக்குள் போய்ப் பேசுவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வேலை போயிற்று. அவர் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்துகொண்டார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் அந்தக் கட்சி நடத்திய கூட்டத்தில் மேடையேறி, துரைமாரின் ஆட்சியைப் பற்றித் தான் கண்டதைப் பேசினார். வெள்ளைக்காரர் ஒருவர் வெள்ளைக்காரத் துரைமாருக்கு எதிராகத் தமிழ்த் தொழிலாளர் முன்னால் பேசுகிறார். கூட்டம் எப்படி ஆர்ப்பரித்திருக்கும்!

துரைமாருக்கு அது ஆர்ப்பரிப்பாகக் கேட்கவில்லை, ஆபத்தாகக் கேட்டது. முறைப்பாடு மேலே போனது. மூன்று வாரம் முடிவதற்குள் ஆளுநர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் நாடுகடத்தும் கட்டளையில் கையெழுத்திட்டுவிட்டார்: ஏப்ரல் 24ஆம் திகதி கப்பலேறிவிட வேண்டும். விசாரணை கிடையாது, குற்றப்பத்திரம் கிடையாது. மக்கள் தெரிவுசெய்த அரசுப் பேரவையைக் கேட்கவும் இல்லை. ஒரு கூட்டத்தாரின் கோபம் இவ்வளவு வேகமாக அரச கட்டளையாக மாற வேண்டுமென்றால், அந்த வழியில் அடிக்கடி போய்வந்த பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

பிரேஸ்கேர்டல் கப்பலேறவில்லை, தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரென்று மேடையில் தோன்றினார். அதே நாள் அரசுப் பேரவை 34க்கு 7 என்ற வாக்கில் ஆளுநரைக் கண்டித்தது. பிறகு பிடிபட்டார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவருக்காக எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் மே 18இல் அவரை விடுவித்தது. நெருக்கடிக் காலத்துக்கென்று வைத்த அதிகாரத்தை நெருக்கடி எதுவும் இல்லாத காலத்தில் ஒரு மனிதனைப் பிடித்தனுப்பப் பயன்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தச் சம்பவத்தைச் சமசமாஜக் கட்சி தன் வீர வரலாறாகச் சொல்லும், சட்ட மாணவர்கள் ஆட்கொணர்வு மனுவுக்கு உதாரணமாகப் படிப்பார்கள். நான் வேறொன்றைக் கவனிக்கிறேன். சர்ச்சை முழுவதும் பிரேஸ்கேர்டல் பேரில் நிற்கிறது, ஸ்டப்ஸ் பேரில் நிற்கிறது. ஆளுநர் பேனாவை எடுக்கும்வரை நடந்த பேச்சுகள், எழுதிய கடிதங்கள், யார் யாரைப் போய்க் கண்டார்கள் என்ற கணக்கு, இவையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் மட்டும் புரட்டும் கோப்புகளில் கிடக்கின்றன. அழுத்தக் குழுக்களின் சர்ச்சை எப்போதும் இப்படித்தான் ஒரு ஆளின் தலையில் விடியும். ஆள் போவார், குழு இருக்கும்.

நியாயமாகப் பேசுவதென்றால் எங்கள் பக்கத்தையும் பேச வேண்டும். தொழிற்சங்கமும் அழுத்தக் குழுதான். அதன் உறுப்பினர்களைச் சுற்றியும் சர்ச்சைக்குக் குறைவில்லை.

1947 தேர்தலில் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. எங்கள் தலவாக்கலைத் தொகுதியில் சி. வி. வேலுப்பிள்ளை. மறு வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடம் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த ஏழு ஆசனத்துக்கு வாக்களித்தவர்களின் வாக்கைப் பிடுங்கின. பாராளுமன்றத்தில் அப்போது ஆறு நியமன ஆசனங்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் போயின. தோட்டத்தில் ஆள் எண்ணிக்கையாக இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை, எண்ணிக்கையே இல்லாதவர்களுக்கு ஆசனம் இருந்தது. 1960இல் அந்த நியமன ஆசனம் ஒன்றில் சௌமியமூர்த்தி தொண்டமான் உட்கார்ந்தார். வாக்கில்லாத மக்களின் தலைவருக்கு ஆட்சியாளர் தரும் ஆசனம். அன்றிலிருந்து எங்கள் அரசியல் உள்ளால வேலை பார்க்கும் அரசியலாகவே ஆகிவிட்டது. ஆகாமல் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் கேட்கலாம்.

தொண்டமான் றம்பொடைப் பக்கத்தில் வேவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரர். தொழிலாளர் தலைவரே தோட்ட முதலாளி. 1978இல் அமைச்சராகவும் ஆனார். சாகும்வரை, 1999 வரை, மந்திரியாகவும் சங்கத் தலைவராகவும் இருந்தார். முதலாளியோடு பேசுகிறவர், அரசாங்கத்தில் இருக்கிறவர், அரசாங்கத்தோடு பேசுகிறவர், மூன்றும் ஒரே ஆள். இடதுசாரிகள் இதை வைத்து அவரை எவ்வளவு தாக்கினார்கள் என்று என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் 1984இல் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சம்பளம் வந்ததும், 1986இலும் 1988இலும் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டங்கள் வந்ததும் அந்த ஆளின் காலத்தில்தான். இரண்டையும் ஒரே தராசில் போட்டுப் பார்க்க எனக்கு இன்னும் கை வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: அவர் தோட்டம் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். ஒளித்து வைக்கவில்லை. அதனால் அதைப் பற்றிச் சண்டை போட முடிந்தது. சங்கம் உடைந்தது, புதுச் சங்கம் வந்தது, கொடி மாறியது, தேர்தலில் தோற்கடித்தார்கள், திரும்ப ஜெயிக்க வைத்தார்கள். எங்கள் சந்தா சிட்டையில் தெரிவதன் பலன் அது.

இனி அண்மைக் கதைக்கு வருவோம்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறிய பிறகு சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் முடிவானது. ஒருபக்கம் முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் மூன்று தொழிற்சங்கத் தரப்புகள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொழும்பில் கையெழுத்து. 2016இல் நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 500, வருகைக் கொடுப்பனவு அது இது என்று கூட்டி 730 ரூபா. அந்த "அது இது" இருக்கிறதே, மாதம் முடிந்து சிட்டை வரும்போது பாதிப்பேருக்கு அது வராது. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடி ஆயிரம் ரூபா கேட்டார்கள். 2019 ஜனவரியில் கிடைத்தது அடிப்படை 700. 2021 மார்ச்சில், முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் அரசாங்கமும் சேர்ந்து உட்காரும் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் வந்தது. கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின, வழக்குப் போட்டன. மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. ஆனால் தோட்டத்தில் வேறொன்று நடந்தது. ஒரு முழுநாள் பேர் போட நேற்று வரை பதினாறு கிலோவோ பதினெட்டோ போதும் என்றிருந்த இடங்களில் இருபது கேட்டார்கள். குறைந்தால் அரைப்பேர்.

அரைப்பேர் என்றால் என்னவென்று கொழும்பு நண்பர்களுக்கு நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். காலை ஏழரைக்குப் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மலையேறி, அட்டை கடிக்க நின்று, மூன்றாம் தடவை மடுவத்தில் கூடையைத் தூக்கித் தராசில் வைக்கும்போது, தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு போக, முள் பத்தொன்பதில் நின்றால் அன்றைக்கு நீங்கள் அரை ஆள்.

2024 மே தினத்தை மறக்க முடியாது. தொண்டமான் தலைமை தாங்கிய சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் கூட்டம் கொட்டகலையில். அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க மேடையில் நின்று நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். ஏப்ரல் 30 திகதியிட்ட வர்த்தமானியும் கையில் இருந்தது: 1,350 சம்பளம், 350 விசேட கொடுப்பனவு. லிந்துலையிலிருந்து லொறி லொறியாகப் போன சனம் பட்டாசு கொளுத்திக்கொண்டு திரும்பியது. கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. பின்னர் அரசாங்கமே வர்த்தமானியை மீளப் பெற்றது. முதலாளிமார் தரப்பு வராததால் சம்பள நிர்ணய சபைக் கூட்டம் நடக்காமல் போனதும் அந்த வருடம்தான். கடைசியில் செப்டெம்பர் 10இல் 1,350 ரூபா. பதினொரு நாள் கழித்து ஜனாதிபதித் தேர்தல்.

1,700இலிருந்து 1,350. அந்த 350 ரூபா மே மாதத்துக்கும் செப்டெம்பருக்கும் நடுவில் எங்கே கழன்று விழுந்தது?

நீதிமன்றத்தில் நடந்தது பதிவில் இருக்கிறது. மேடையில் நடந்தது யூடியூபில் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது. அமைச்சரின் அறை, செயலாளரின் அறை, ஹோட்டல் சாப்பாட்டு மேசை. அங்கே எத்தனை சந்திப்பு நடந்தது, துரைமார் தரப்பில் யார் வந்தார், சங்கத் தரப்பில் யார் வந்தார், யார் என்ன கடதாசி கொடுத்தார்? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளச் சட்டத்தில் ஒரு ஏற்பாடும் இல்லை. சந்தித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. சம்பளம் கூட்டினால் தோட்டம் மூடவேண்டிவரும் என்று கம்பெனி நம்பினால் அதை அமைச்சரிடம் சொல்ல அதற்கு உரிமை உண்டு. உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலி, செடி கிழடு தட்டிப்போனது, ஏலவிலை தங்கள் கையில் இல்லை என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் பொய்யும் இல்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்தபோது இந்தத் துரைமார் சங்கம் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது. அன்று அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. கேட்காததன் விலையை அரசாங்கம் அந்த வருட முடிவிலேயே பார்த்தது, நாங்கள் கூடையில் பார்த்தோம்.

ஆனால் உரத்துக்காகப் பேசியதைப் பத்திரிகையாளர் மாநாடு வைத்துப் பேசினார்கள். சம்பளத்துக்காகப் பேசுவதை அறையைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள்.

2025 நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம் இன்னொரு புதுமையைக் கொண்டுவந்தது. நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ஆகும், அதோடு வருகை ஊக்குவிப்பாக 200 ரூபாவை அரசாங்கமே தரும், மொத்தம் 1,750. அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தனியார் கம்பெனியின் செக்ரோலுக்குள் பொதுப்பணம் வருகிறது. வரி கட்டும் வவுனியா விவசாயியும் மாத்தறைக் கடைக்காரரும் எங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு தருகிறார்கள், கம்பெனிக்கு அந்தப் பங்கு மிச்சம். இந்த யோசனை யாருடைய மேசையில் பிறந்தது? தொழிற்சங்கமா கேட்டது, கம்பெனியா கேட்டது, திறைசேரிக்குத் தானாகத் தோன்றியதா? நல்ல காரியமென்றால் சொல்லிவிட்டுப் போகலாமே.

வெளிநாட்டில் எல்லாம் யோக்கியம் என்று நான் நினைக்கவில்லை. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு எம்.பி.மாருக்கு ஒரு லொபி நிறுவனத்தின் வழியாகக் காசு போனது என்று 1994இல் கார்டியன் பத்திரிகை எழுதியது. அந்தப் புயலில்தான் பொதுவாழ்வு ஒழுக்கத்துக்கென நோலன் குழு பிறந்தது. இந்தியாவில் 2005 டிசம்பரில் கேள்விக்குக் காசு வாங்கியது ஒளிப்பதிவில் சிக்கி, 11 எம்.பி.க்கள் ஒரே அடியாக வெளியேற்றப்பட்டார்கள். சிக்கினால் ஆள் போவான் என்ற பழைய கதைதான் இவையும். அயர்லாந்து 2015இல் செய்தது வேறு. அமைச்சரையோ எம்.பி.யையோ உயர் அதிகாரியையோ ஒரு கம்பெனி, சங்கம், முகவர் எவராவது ஒரு கொள்கைக்காக அணுகினால், யாரை அணுகினோம், எதற்காக, என்ன முடிவை எதிர்பார்த்து என்பதை நாலு மாதத்துக்கு ஒருமுறை பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். யாரும் திறந்து பார்க்கலாம். முதலாளி சங்கமும் எழுதும், தொழிற்சங்கமும் எழுதும். பதவியை விட்ட அமைச்சர் மறுநாளே அதே துறைக்கு லொபி வேலைக்குப் போகவும் முடியாது, ஒரு வருடம் பொறுத்திருக்க வேண்டும்.

இலங்கையில் இப்படியொரு பதிவேடு இல்லை. 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தால் எம்.பி.யின் சொத்து விபரத்தைப் பார்க்கலாம். அதே வருடத்துத் தேர்தல் செலவுச் சட்டத்தால் வேட்பாளரின் செலவுக் கணக்கைப் பார்க்கலாம். வென்ற பிறகு அவர் யாரோடு தேநீர் குடித்தார் என்பதைப் பார்க்க வழியில்லை. அந்தத் தேநீர் எங்கள் மலையிலிருந்துதான் போகிறது.

என் தீர்ப்பு இதுதான். நாட்டுக்கே ஒரு லொபிச் சட்டம் வர நாளாகும். அதுவரை பெருந்தோட்டத் துறைக்கு மட்டுமாவது ஒன்றைச் செய்யலாம். சம்பள நிர்ணய சபை கூடும் ஒவ்வொரு தடவையும், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் தொழில் அமைச்சரையும் பெருந்தோட்ட அமைச்சரையும் தொழில் ஆணையாளரையும் இதே விடயமாகச் சந்தித்தவர்களின் பட்டியல் வெளியாக வேண்டும். துரைமார் தரப்பும் வேண்டும், தொழிற்சங்கத் தரப்பும் வேண்டும். சபைக் கூட்டக் குறிப்பு தமிழிலும் சிங்களத்திலும் பிரட்டுக்களப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வராமல் விட்டவரின் பெயரோடு. இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை, அமைச்சரின் ஒரு சுற்றறிக்கை போதும். தொழிற்சங்கத் தலைவர்களில் சிலருக்கு இது பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். மே மாதம் மேடையில் ஒன்றும் ஜூன் மாதம் அறைக்குள் வேறொன்றும் பேசியவர்களுக்கு எப்படிப் பிடிக்கும்?

அமைச்சர் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தொழில் திணைக்களமும் இரண்டு அமைச்சுகளும் அதற்குள் வரும். லிந்துலையில், அக்கரபத்தனையில், டயகமவில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளைக் கேட்கிறேன்: 2024 மே முதல் செப்டெம்பர் வரை பெருந்தோட்டச் சம்பளம் தொடர்பாக உங்கள் அமைச்சு யார் யாரைச் சந்தித்தது, அந்தச் சந்திப்புகளின் குறிப்பைத் தாருங்கள் என்று ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பத்துப் பேர் எழுதினால் பத்துப் பதில் வரும், மறுத்தால் மறுப்பும் எழுத்தில் வரும். தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அச்சடித்த படிவம் கிடைக்காவிட்டால் கொப்பித் தாளில் எழுதினாலும் செல்லும். தமிழில் எழுதலாம்.